7 டெஸ்லா எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: படத்துக்கு முழு மதிப்பெண், தலைசுற்றலைக் கையாண்ட விதத்துக்குப் பாதிதான்

மூளையை 7 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலுவின் அலகு) காந்தத்தில் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் படத்தின் துல்லியத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் காந்தத்துக்குள் படுத்திருப்பவரின் உள்காது என்ன பாடுபடுகிறது என்பதை யாராவது எழுதிப் பார்ப்பது அபூர்வம். ஓர் ஆய்வுக்குத் தன்னார்வலராக ஒப்புக்கொண்டு அந்த ஸ்கேனைச் செய்துகொண்டவன் என்ற முறையிலும், உடம்பின் சமநிலை உறுப்பைப் பற்றிய ஆராய்ச்சிகளை விடாமல் படித்துவருபவன் என்ற முறையிலும், அந்த விடுபட்ட பக்கத்தை இங்கே எழுதுகிறேன். கருவிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் மிக உயர்ந்தது. அதை இயக்கிய நிலையத்தின் சேவைக்கு அதே மதிப்பெண்ணைக் கொடுக்க மனம் வரவில்லை. வலுவான காந்தப்புலம் தலைசுற்றலை உண்டாக்கும் என்பதும், அது எந்த வழியில் உண்டாகிறது என்பதும் 2011 முதலே தெளிவாகத் தெரிந்திருந்தும், உள்ளே போகப்போகிறவரிடம் அதை ஒழுங்காக எடுத்துச் சொல்ல அங்கே யாரும் முன்வரவில்லை.

படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காந்தப்புலம் கூடக் கூட உடம்பிலிருந்து கிடைக்கும் சிக்னலும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடுகிறது. அந்தக் கூடுதல் சிக்னலைக் கொண்டு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் மூளையைப் பார்க்க முடிகிறது. வலிப்பு நோய்க்குக் காரணமான மூளையின் மேலடுக்கான புறணியில் உள்ள மிகச் சிறிய கோளாறுகளையும், நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் உட்பிரிவுகளையும், நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் நோயாளிகளின் மூளையில் உள்ள சின்னஞ்சிறு தழும்புகளையும் தேடும் மருத்துவர்களுக்கு இது பெரிய வரம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் முதன்முதலாக ஒரு 7 டெஸ்லா கருவியை, தலையையும் கை கால்களையும் மட்டும் படம் எடுப்பதற்கு, மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது. என் மூளையின் படத்தைத் திரையில் பார்த்தபோது, இதற்காக இன்னொரு முறைகூட உள்ளே போகலாம் என்றே தோன்றியது.

இனி உள்ளே போகும் அனுபவம். டேபிளில் மல்லாந்து படுக்க வைத்து, தலையைச் சுற்றி, சிக்னலை வாங்கும் கூண்டுபோன்ற கம்பிச்சுருளான காயிலைப் பொருத்தி, காதுகளின் இருபுறமும் பஞ்சுத் திண்டுகளைச் செருகி, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். தாங்க முடியாவிட்டால் அதை அழுத்த வேண்டும். டேபிள் மெல்ல நகரத் தொடங்கியது. தலை காந்தத்தின் வாயை நெருங்கும்போது நாக்கின் ஓரத்தில் லேசாக ஓர் உலோகச் சுவை வந்து போனது. அடுத்த சில நொடிகளில், நேராக உள்ளே போய்க்கொண்டிருந்த டேபிள் ஒரு பக்கமாகத் திரும்பி வளைந்து போவதுபோன்ற உணர்வு ஏற்பட்டது. டேபிள் நின்ற பிறகும் அந்தச் சுழற்சி நிற்கவில்லை. உடம்பு அசையவில்லை என்பது முதுகுக்கும் தோளுக்கும் நன்றாகத் தெரிகிறது. ஆனாலும் தலை மட்டும் சீராக ஒரே திசையில் சுழன்றுகொண்டிருக்கிறது என்ற உணர்வு விலக மறுக்கிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவ்வளவும் நடந்து முடியும்வரை கருவி எந்தச் சத்தமும் எழுப்பவில்லை. எம்.ஆர்.ஐ. என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் அந்தத் தடதடப்பு, படம் எடுக்கத் தொடங்கிய பின், புலத்தை இடத்துக்கு இடம் மாற்றும் கிரேடியன்ட் காயில்களிலிருந்து வருவது. தலைசுற்றல் அதற்கு முன்பே, முழு அமைதியில் வந்துவிடுகிறது. காரணம், கருவியின் முதன்மைக் காந்தம் திரவ ஹீலியத்தில் −269 டிகிரி செல்சியஸ் வரை குளிரூட்டப்பட்ட, மின்தடையே இல்லாத மீகடத்திக் கம்பிச் சுருளாலானது. ஸ்கேன் நடந்தாலும் நடக்காவிட்டாலும், இரவும் பகலும் அது முழு வலுவோடு இயங்கிக்கொண்டே இருக்கிறது. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் சுமார் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை மாறும். 50 மைக்ரோடெஸ்லா என்று வைத்துக்கொண்டால், 7 டெஸ்லா அதைப்போல் 1,40,000 மடங்கு.

அசையாமல் படுத்திருப்பவரை அசையாத ஒரு காந்தப்புலம் எப்படிச் சுழலவைக்கிறது? இந்தக் கேள்விக்கான விடை அழகானது; நிதானமாகப் பார்க்கத் தகுந்தது.

உள்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றுக்குள் எண்டோலிம்ஃப் என்ற திரவம் நிறைந்திருக்கிறது. தலை திரும்பும்போது குழாயும் கூடவே திரும்புகிறது. திரவமோ நிலைமத்தால் சற்றுப் பின்தங்குகிறது. கால்வாயின் குறுக்கே நிறுத்திய மெல்லிய பலகையைப்போல் குழாயை அடைத்து நிற்கும் கியூபுலா என்ற சவ்வை அந்தத் திரவம் தள்ள, அது வளைகிறது. அந்த வளைவை மயிர்ச்செல்கள் உணர்ந்து, தலை திரும்புகிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. மூளை அதை வைத்துக்கொண்டு கண்களை எதிர்த்திசையில் நகர்த்தி, பார்வை கலங்காமல் பார்த்துக்கொள்கிறது. நாம் நடந்துகொண்டே பெயர்ப்பலகையைப் படிக்க முடிவது இந்த ஏற்பாட்டால்தான்.

எண்டோலிம்ஃபில் பொட்டாசியம் அயனிகள் மிக அதிகம். உடம்பின் மற்றப் பகுதிகளில் செல்களுக்கு வெளியே உள்ள திரவத்தில் சோடியம் மிகுந்திருக்கும். இங்கே நிலைமை தலைகீழ். மயிர்ச்செல்கள் எந்த நொடியும் வேலைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக, தலை அசையாத நேரத்திலும் இந்த அயனிகள் திரவத்திலிருந்து அவற்றுக்குள் சிறிதளவு பாய்ந்துகொண்டே இருக்கின்றன. மின்னேற்றம் கொண்ட துகள்கள் ஒரு திசையில் ஓடினால் அது மின்னோட்டம். மின்னோட்டம் காந்தப்புலத்துக்குக் குறுக்காக ஓடினால், இரண்டுக்கும் செங்குத்தான திசையில் ஒரு விசை பிறக்கும் என்பது பள்ளிப் பாடத்திலேயே வரும் லோரன்ஸ் விசை. மின்மோட்டாரில் அந்த விசை கம்பியைத் தள்ளுகிறது. உள்காதில் அது திரவத்தையே தள்ளுகிறது. அரைவட்டக் குழாய்கள் வந்து சேரும் யூட்ரிக்கிள் என்ற பையின் அடித்தளத்தில் மயிர்ச்செல்கள் அடர்ந்திருக்கின்றன. அவற்றுக்குள் இறங்கும் மின்னோட்டத்தின் மீது செயல்படும் விசை, அருகிலேயே திறக்கும் கிடைமட்டக் குழாய், முன்புறக் குழாய் ஆகியவற்றின் கியூபுலாக்களை நோக்கித் திரவத்தை அழுத்துகிறது. சாதாரண வாழ்க்கையில் தலை திரும்பி நின்றபின் கியூபுலா சில நொடிகளில் பழைய நிலைக்கு வந்துவிடும். காந்தத்துக்குள் அதற்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை. உள்ளே இருக்கும்வரை தள்ளல் தொடர்கிறது. தலை விடாமல் வேகமெடுத்துச் சுழல்கிறது என்ற பொய்ச் செய்தியை மூளை தொடர்ந்து பெற்றுக்கொண்டே இருக்கிறது.

இந்த விளக்கத்தை 2011-இல் கரன்ட் பயாலஜி இதழில் முன்வைத்தவர்கள், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேல் ராபர்ட்ஸ், டேவிட் சீ உள்ளிட்ட குழுவினர். அதற்கு முன்பு, ஸ்கேனருக்குள்ளேயே காதில் நீர் ஊற்றிச் சமநிலைச் சோதனை செய்ய முயன்ற இத்தாலிய ஆய்வாளர் வின்சென்சோ மார்செல்லியின் குழு, நீர் ஊற்றுவதற்கு முன்பே கண்கள் தாமாக அசைவதைக் கவனித்திருந்தது. அவரும் 2011 ஆய்வில் இணைந்துகொண்டார். முழு இருட்டில், அகச்சிவப்புக் கேமரா மூலம் கண்களைப் பதிவு செய்தார்கள். உள்காது நலமாக இருந்த அனைவருக்கும் 7 டெஸ்லா காந்தத்துக்குள் நிஸ்டாக்மஸ் ஏற்பட்டது. அதாவது, கண்கள் ஒரு பக்கமாக மெல்ல நழுவி, பிறகு வெடுக்கென்று திரும்பி, மீண்டும் நழுவின. இரண்டு காதுகளிலும் சமநிலை உறுப்பு செயலிழந்துபோன இருவருக்கு மட்டும் அது ஏற்படவில்லை. கருவியின் பின்வாசல் வழியாக உள்ளே அனுப்பியபோது கண்கள் நழுவும் திசை மாறியது. தலையின் சாய்வை மாற்றியபோது அசைவு குறைந்து, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் நின்று, அதையும் தாண்டியபோது எதிர்த்திசையில் தொடங்கியது. அந்தக் கோணம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

முன்பெல்லாம் தலைசுற்றலுக்குப் பொதுவாகச் சொல்லப்பட்ட காரணம், காந்தப்புலத்தின் ஊடாக நகரும்போது உடம்பில் தூண்டப்படும் மின்னோட்டம் என்பதுதான். நாக்கில் தோன்றும் உலோகச் சுவைக்கும், தலையை வேகமாகத் திருப்பினால் கண்ணில் தெரியும் ஒளிப்பொறிகளுக்கும் அது பொருத்தமான விளக்கமே. ஆனால், நகர்வு நின்றவுடன் அந்த மின்னோட்டமும் நின்றுவிட வேண்டும். கண்களோ, ஆள் அசையாமல் கிடக்கும் நேரம் முழுவதும் நழுவிக்கொண்டே இருந்தன. அதனால்தான் லோரன்ஸ் விசை என்ற விளக்கம் எனக்கு முழு நிறைவைத் தருகிறது. வலுவான காந்தத்திலிருந்து வெளியே எடுத்த எலிகள் வட்டமடித்து நடப்பதையும், உள்காதின் சமநிலை உறுப்பை நீக்கிய எலிகள் அப்படி நடக்காததையும் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இங்கும் காரணம் உள்காதுதான்.

நான் போன நிலையத்தில் கண்களைப் பதிவு செய்யும் கேமரா இருந்தது. கேட்டபோது மறுக்காமல் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். திரையில் என் கண்மணி, சாம்பல்நிறப் பரப்பின் நடுவே ஒரு கருவட்டம். அது ஓர் ஓரத்தை நோக்கிச் சோம்பலாக நகர்கிறது. எல்லையை எட்டும் முன்பே சட்டென்று நடுவுக்குத் துள்ளுகிறது. உடனே மறுபடி நகரத் தொடங்குகிறது. கண்கள் இப்படி ஆடிக்கொண்டிருந்ததை அப்போது நான் துளியும் உணரவில்லை. திரையில் கூட்டல்குறி ஒன்றை ஒளிரவிட்டு அதையே பார்க்கச் சொன்ன நிமிடத்தில் அந்த நழுவல் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. பார்ப்பதற்கு ஒரு நிலையான புள்ளி கிடைத்தால் மூளை கண்களைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. இருட்டோ, மூடிய இமையோ அந்தப் பிடிமானத்தைப் பறித்துவிடுகிறது.

சுழலும் உணர்வு எனக்கு ஓரிரு நிமிடங்களில் மங்கிவிட்டது. பெரும்பாலோருக்கும் அப்படித்தான் மங்கும். காந்தம் தள்ளுவதை நிறுத்திவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. தொடர்ந்து வரும் ஒரே செய்தியை மூளை படிப்படியாகக் கழித்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. பழகியதன் விலையை வெளியே வரும்போது கொடுக்க வேண்டியிருக்கிறது. தள்ளல் திடீரென்று இல்லாமல் போனாலும் மூளை கழித்துக்கொண்டே இருப்பதால், எதிர்த்திசையில் சுழல்வதுபோன்ற உணர்வு ஏற்படுகிறது. கண்களும் எதிர்ப்பக்கமாக நழுவுகின்றன. உள்ளே எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதைப் பொறுத்து இந்தப் பின்விளைவு கூடும். தன்னார்வலர்களை ஒன்றரை மணி நேரம் காந்தத்துக்குள் வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மூளையின் இந்தப் பழக்கப்படுதல் ஒரே வேகத்தில் நடப்பதில்லை, விரைவாகவும் மெதுவாகவும் பல அடுக்குகளாக நடக்கிறது என்பது தெரியவந்தது. சமநிலை உறுப்பு பாதிக்கப்பட்டவர்கள் எப்படித் தேறிவருகிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இது உதவக்கூடும் என்பதால், தொந்தரவாகத் தொடங்கிய ஒன்று ஆராய்ச்சிக்கு நல்ல கருவியாகவும் மாறியிருக்கிறது.

என் குறைகளை இப்போது சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவத்தில், சத்தம், உடல்சூடு, இறுக்கமான இடம் என்ற வரிசையின் நடுவே, சிலருக்கு லேசான தலைசுற்றல் ஏற்படலாம் என்று ஒரே ஒரு வரி இருந்தது. எப்போது வரும், எவ்வளவு நேரம் இருக்கும், வந்தால் என்ன செய்யலாம் என்று எதுவும் இல்லை. உள்ளே சுழல்வதுபோல் இருக்கிறது என்று மைக்கில் சொன்னபோது, "பதற்றமா இருந்தா அப்படித்தான் இருக்கும் சார், கண்ணை மூடிக்கிட்டு மூச்சை இழுத்து விடுங்க" என்று பதில் வந்தது. சொன்னவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் காரணமும் தவறு, ஆலோசனையும் பொருத்தமற்றது. அந்த நேரத்தில் எனக்குப் பயம் இல்லை. இயற்பியல் விதிப்படி என் காதுக்குள் ஒரு திரவம் தள்ளப்பட்டுக்கொண்டிருந்தது. கண்ணை மூடச் சொல்வதற்குப் பதிலாக, தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் தெரியும் ஏதாவது ஒரு புள்ளியைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் அது உண்மையான உதவியாக இருந்திருக்கும். காந்தம் உண்டாக்கும் ஓர் உணர்வை நோயாளியின் மனப்பதற்றமாக எழுதிவைப்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. ஏனெனில், அதை நம்பி வெளியேறுபவர் அடுத்த முறை தம்மையே குறைசொல்லிக்கொண்டு, தேவையான பரிசோதனையையே தவிர்த்துவிடக்கூடும்.

உள்ளே அனுப்பும்போது டேபிளை நிதானமாக நகர்த்தினார்கள், பாராட்டுகிறேன். வெளியே எடுத்தபோது அந்த நிதானம் காணாமல் போனது. 7 டெஸ்லா ஸ்கேன் செய்துகொண்டவர்களிடம் கேட்டறிந்த ஆய்வுகள் பலவற்றிலும், தலைசுற்றல் அதிகம் சொல்லப்படுவது டேபிள் நகரும் நேரத்தில்தான். அசையாமல் இருக்கும்போது அது குறைவு. அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், காந்தப்புலத்தில் நகரும் ஒருவர் உணரும் புல மாற்றம் எந்த 3 நொடியிலும் 2 டெஸ்லாவைத் தாண்டாமல் இருந்தால் தலைசுற்றலையும் குமட்டலையும் தவிர்க்கலாம் என்கிறது. அது ஸ்கேன் அறையில் பணிபுரிபவர்களைப் போன்றோரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது; நோயாளிகளைக் கட்டுப்படுத்தும் விதி அன்று. ஆனாலும் அந்தக் கணக்கை ஓர் அளவுகோலாக எடுத்துக்கொண்டால், 7 டெஸ்லாவுக்கும் வெளிப்புறத்துக்கும் இடையிலான பயணத்துக்குப் பத்து நொடிக்கு மேல் கொடுக்க வேண்டும். அதிலும், இப்போதைய காந்தங்களின் கவச அமைப்பு புலத்தை வாயருகே செங்குத்தாகச் சரியவைப்பதால், மாற்றத்தின் பெரும்பகுதி சிறிய தூரத்திலேயே நடந்துவிடுகிறது. அந்த இடத்தில்தான் டேபிள் மிக மெதுவாகப் போக வேண்டும்.

டேபிள் வெளியே வந்ததும் எழுந்து நில்லுங்கள் என்றார்கள். காயிலைக் கழற்றிய கையோடு எழுந்தபோது தரை சாய்ந்தது. பக்கத்திலிருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். எதிர்த்திசைப் பின்விளைவு உச்சத்தில் இருக்கும் நேரம் அதுதான். சில நிமிடங்கள் டேபிளிலேயே உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்து, பிறகு இறக்கியிருக்கலாம். வயதானவர்களும் ஏற்கெனவே நடை தடுமாறுபவர்களும் வரும் ஓர் இடத்தில் இதைச் சலுகையாகக் கருதக் கூடாது. அடிப்படை ஏற்பாடாக வைக்க வேண்டும்.

மருத்துவமனைகளில் மிகப் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா கருவிகளோடு ஒப்பிட்டால், விளைவு ஒன்றே, அளவுதான் வேறு. தள்ளும் விசை புலத்தின் வலுவோடு நேர்விகிதத்தில் கூடுகிறது. 3 டெஸ்லாவில் இருட்டில் கண்களைப் பதிவு செய்தால் நிஸ்டாக்மஸ் தெரியும். உள்ளே இருப்பவருக்கோ பெரும்பாலும் எதுவும் தெரியாது. எனக்கு 3 டெஸ்லாவில் சுழற்சி எதுவும் தோன்றவில்லை. எழுந்தபோது ஒரு சிறு கிறுகிறுப்பு மட்டும் இருந்தது. ஆகவே, வழக்கமான ஸ்கேனுக்குப் போகிறவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக் கவலைப்பட வேண்டியதில்லை. ஏதாவது கிறுகிறுப்பு தோன்றினால் அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது என்று அறிந்திருந்தால் போதும்.

ஒரு பக்கக் காதில் மட்டும் சமநிலை உறுப்பு பழுதடைந்தவர்களின் நிலை கொஞ்சம் வேறு. இரண்டு காதுகளும் நலமாக இருப்பவர்களுக்குக் கண்கள் பெரும்பாலும் கிடையாகவும் சற்றுச் சுழன்றும் நழுவுகின்றன. இரு பக்க முன்புறக் குழாய்களும் கண்ணை மேலும் கீழும் இழுக்கும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. ஒரு காது வேலைசெய்யாவிட்டால் அந்த ஈடு இல்லாமல் போய், மேல்கீழ் அசைவும் வெளிப்படுகிறது; எந்தக் காது பழுது என்பதைப் பொறுத்து அதன் திசை மாறுகிறது. 7 டெஸ்லா காந்தத்தில் இப்படிப்பட்டவர்களை வைத்தே செய்த ஆய்வு இதைக் காட்டியது. லோரன்ஸ் விசை விளக்கத்துக்கு இது இன்னொரு வலுவான சான்று. மெனியர் நோய் (தலைசுற்றலை உண்டாக்கும் ஓர் உள்காது நோய்), ஒற்றைத் தலைவலியோடு வரும் தலைசுற்றல் போன்றவை உள்ளவர்கள் 7 டெஸ்லா ஸ்கேனுக்குப் பெயர் கொடுக்கும் முன் தங்கள் மருத்துவரிடமும் ஸ்கேன் நிலையத்திடமும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஆராய்ச்சி செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மூளை ஓய்வில் இருக்கும்போது அதன் இயக்கம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக, ஆட்களை எம்.ஆர்.ஐ.க்குள் சும்மா படுக்கவைத்துப் பதிவு செய்கிறார்கள். காந்தம் உள்காதை விடாமல் தூண்டிக்கொண்டிருக்கும்போது அந்த ஓய்வு எவ்வளவு தூரம் ஓய்வு? 1.5, 3 டெஸ்லா கருவிகளில் செய்த ஜெர்மன் ஆய்வுகள், இந்தத் தூண்டல் மூளையின் ஓய்வுநிலை வலையமைப்பின் ஏற்ற இறக்கங்களில் தன் தடத்தைப் பதிக்கிறது என்று கண்டன. 7 டெஸ்லாவில் இதைக் கணக்கில் எடுக்காமல் முடிவுகளை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தத் தலைசுற்றலால் நிரந்தரத் தீங்கு ஏற்படுமா என்று பலரும் என்னிடம் கேட்டார்கள். இது தற்காலிகமானது, புலத்திலிருந்து விலகிய பின் அடங்கிவிடுவது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பெரியவர்களுக்கு 8 டெஸ்லா வரையிலான, மாறாத காந்தப்புலத்தைக் குறிப்பிடத்தக்க அபாயம் இல்லாத வரம்பாகக் கருதுகிறது. ஆராய்ச்சிக் காந்தங்கள் அதையும் தாண்டிவிட்டன: மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 10.5 டெஸ்லாவிலும், பிரான்சின் சக்லேயில் உள்ள இசூல்ட் கருவியில் 11.7 டெஸ்லாவிலும் மனித மூளையைப் படம் எடுத்திருக்கிறார்கள். புலம் ஏற ஏற உள்காதின் மீதான தள்ளலும் ஏறும் என்பதால், நான் சொல்லும் குறைகளைச் சரிசெய்வது இனிமேல்தான் அதிகம் தேவைப்படப்போகிறது.

7 டெஸ்லா ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை தெளிவானது: மருத்துவர் தேவை என்று சொன்னால் தயங்காமல் போங்கள். போகும் முன், டேபிளை எவ்வளவு வேகத்தில் நகர்த்துவார்கள், குறைக்க முடியுமா என்று கேளுங்கள். உள்ளே பார்ப்பதற்குக் கண்ணாடியும் வெளிச்சமும் இருக்குமா என்று கேளுங்கள். டேபிள் நகரும்போது தலையை அசைக்காதீர்கள். சுழற்சி வந்தால் ஒரு புள்ளியில் கண்ணை நிறுத்தி ஓரிரு நிமிடம் பொறுங்கள். முடிந்ததும் உட்கார்ந்திருக்க நேரம் கேட்டு வாங்குங்கள், அப்புறம் எழுந்திருங்கள். நான் போன நிலையத்துக்கும் இவற்றையெல்லாம் எழுதி அனுப்பினேன். ஸ்கேன் முடிந்தவர்களை உடனே எழுப்புவதில்லை என்று இப்போது முடிவெடுத்திருப்பதாகப் பதில் எழுதினார்கள். ஒப்புதல் படிவத்தின் அந்த ஒற்றை வரியை மாற்றுவது பற்றி மட்டும் இன்னும் பதில் வரவில்லை. வந்தால் மதிப்பெண்ணை மகிழ்ச்சியோடு உயர்த்துவேன்.